கட்டும் முன்பே கேட்கும் சத்தம்

(பள்ளிப் பரிசளிப்பு விழாவில் நிகழ்த்திய உரையின் எழுத்து வடிவம்)

 

"அறிவியலைப் பற்றிப் பேசுங்கள். ஆனால் பிள்ளைகளுக்கும் புரியவேண்டும், பெற்றோருக்கும் புரியவேண்டும்" என்று தலைமையாசிரியர் எனக்குக் கட்டளையிட்டார். அந்தக் கட்டளையை மீற முடியுமா? ஆகவே எல்லோருக்கும் காது இருக்கிறது என்ற தைரியத்தில், சத்தத்தைப் பற்றிப் பேசலாம் என்று வந்திருக்கிறேன். அதிலும் ஒரு குறிப்பிட்ட சத்தம். காற்றாலையின் இறக்கை சுழலும்போது எழும் சத்தம். அந்தக் காற்றாலையைக் கட்டுவதற்கு முன்பே, அது எவ்வளவு சத்தம் போடும் என்று கணினியில் கணக்குப் போட்டுச் சொல்கிறார்கள். எப்படிச் சொல்கிறார்கள்? அதை நம்பலாமா? இதுதான் இன்றைய பேச்சு.

"நம் தோட்டத்துக்கும் காற்றாலைக்கும் என்னங்க சம்பந்தம்?" என்று பின்வரிசையில் ஒருவர் முணுமுணுப்பது எனக்குக் கேட்கிறது. நியாயமான கேள்விதான். தமிழ்நாட்டுக்குப் போய் வந்தவர்கள், கன்னியாகுமரி போகும் பாதையில் ஆரல்வாய்மொழிக் கணவாய்ப் பக்கம் காற்றாலைகள் வரிசை வரிசையாக நிற்பதைப் பார்த்திருப்பீர்கள். நம் நாட்டில் காற்று மெதுவாகத்தான் வீசும். திரெங்கானுவின் சிறிய பெர்ஹெந்தியான் தீவில் 2007-இல் சூரிய ஒளித் தகடுகளோடு சேர்த்து இரண்டு காற்றாலைகளை நிறுத்தினார்கள். ஆனால் பெரிய காற்றாலைப் பண்ணை நமக்கு இல்லை.

ஆனாலும் சத்தம் எல்லோருக்கும் சொந்தம். அது அழைக்காமல் வீட்டுக்குள் வரும் விருந்தாளி. கதவைச் சாத்தினாலும் வரும். விடியற்காலையில் பெரட்டுக்கு எழுந்து போகவேண்டியவருக்கு இரவுத் தூக்கம் கூலிக்குச் சமம். பக்கத்தில் ஓர் ஆலையோ இயந்திரமோ வரும்போது, "இது ராத்திரியில் எங்களைத் தூங்கவிடுமா?" என்பதுதான் அவருடைய முதல் கேள்வியாக இருக்கும். அந்தக் கேள்விக்கு, கட்டி முடித்த பிறகு அல்ல, கட்டும் முன்பே பதில் சொல்ல முடியுமா? முடியும் என்கிறது அறிவியல். அந்தக் கதையைக் கேளுங்கள்.

ரோத்தான் சொல்லித்தந்த பாடம்

முதலில் காற்று ஏன் சத்தம் போடுகிறது என்று பார்ப்போம். பிள்ளைகளே, நீங்கள் இதை அறிவீர்கள். உங்கள் தாத்தா பாட்டி இன்னும் நன்றாக அறிவார்கள். அந்தக் காலத்தில் வாத்தியார் கையில் ரோத்தான் இருக்கும். அடிப்பதற்கு முன்னால் காற்றில் ஒரு வீசு வீசுவார். 'விஷ்' என்று ஒரு சத்தம் வரும். அந்தச் சத்தத்திலேயே பாதிப் பாடம் மனப்பாடமாகிவிடும்!

அந்த 'விஷ்' எங்கிருந்து வந்தது? ரோத்தான் எதன்மீதும் படவில்லை. காற்றைக் கிழித்துக்கொண்டு போனது, அவ்வளவுதான். அப்படிப் போகும்போது அதன் பின்னால் காற்று சின்னச்சின்னச் சுழல்களாக, இந்தப் பக்கம் ஒன்று, அந்தப் பக்கம் ஒன்று என்று மாறி மாறிக் கழன்றுபோகிறது. ஒவ்வொரு சுழல் கழலும்போதும் காற்றழுத்தம் சிறிது ஏறி இறங்குகிறது. அந்த ஏற்ற இறக்கம்தான் நம் காதில் சத்தமாக விழுகிறது.

செக் நாட்டு அறிஞர் ஸ்ட்ரூஹால் 1878-இல் இதை ஆராய்ந்து ஒரு விதியைச் சொன்னார். அந்த விதி இன்றைக்குக் கணக்காக இப்படி வரும்: வேகத்தைத் தடிப்பால் வகுத்துக்கொள்ளுங்கள், வந்ததை மறுபடியும் ஐந்தால் வகுத்துக்கொள்ளுங்கள். ஒரு விநாடிக்கு எத்தனை அதிர்வு என்பது ஏறக்குறையக் கிடைத்துவிடும். ரோத்தானின் தடிப்பு 8 மில்லிமீட்டர், வீசும் வேகம் விநாடிக்கு 20 மீட்டர் என்று வையுங்கள். 20-ஐ 0.008-ஆல் வகுத்தால் 2500. ஐந்தால் வகுத்தால் 500. விநாடிக்கு 500 அதிர்வு. ரோத்தான் பாதித் தடிப்பாக இருந்தால் 1000 அதிர்வு; சத்தம் இன்னும் கீச்சென்று இருக்கும்.

பார்த்தீர்களா? ரோத்தானை வீசாமலேயே, காகிதத்தில் பென்சிலால், அது போடப்போகும் சத்தத்தின் சுருதியைச் சொல்லிவிட்டோம். காற்றாலைச் சத்தத்தைக் கணிப்பதும் அடிப்படையில் இதுவேதான். கணக்கு மட்டும் பெரிசு.

பூன் நகரத்துக் குன்று

பெரிசு என்றால் எவ்வளவு பெரிசு? அமெரிக்காவில் நடந்த ஒரு சம்பவத்தைச் சொல்கிறேன்.

வட கரோலினா மாநிலத்தில் பூன் என்று ஒரு மலைநகரம். அங்கே ஹோவர்ட்ஸ் நாப் என்ற குன்றின் உச்சியில் 1979-இல் அமெரிக்க அரசின் திட்டத்தில் ஒரு காற்றாலையை நிறுத்தினார்கள். 'மாட்-1' என்று பெயர். இறக்கைகள் சுழலும் வட்டத்தின் விட்டம் 61 மீட்டர். இரண்டாயிரம் கிலோவாட் மின்சாரம் தரக்கூடியது. அந்தக் காலத்தில் உலகிலேயே மிகப் பெரிய காற்றாலைகளில் ஒன்று அது.

ஓடத் தொடங்கியதும், குன்றைச் சுற்றியிருந்த சில குடும்பங்கள் முறையிட்டன. 'தும், தும்' என்று ஓர் அதிர்வு வருகிறது என்றார்கள். வெளியே நிற்பதைவிட வீட்டுக்குள் இருக்கும்போது அதிகமாகத் தெரிகிறது என்றார்கள். எல்லா வீட்டிலும் இல்லை. எல்லா நாளும் இல்லை. சில வீடுகளில், சில இரவுகளில். இப்படிச் சொன்னால் கேட்கிறவர்கள் என்ன நினைப்பார்கள்? "இவர்களுக்கு வேறு வேலை இல்லை" என்றுதான் தோன்றும்.

ஆனால் ஆராய்ச்சியாளர்கள் கருவிகளோடு போய் அளந்தார்கள். அளந்து பார்த்தால், மக்கள் சொன்னது உண்மை. அந்தக் காற்றாலையில் காற்று முதலில் கோபுரத்தைத் தாண்டி, அப்புறம்தான் இறக்கைக்கு வரும்படி அமைத்திருந்தார்கள். கோபுரத்துக்குப் பின்னால் காற்று கலைந்து, வேகம் குறைந்து கிடக்கும். மரத்துக்குப் பின்னால் நிழல் விழுவதுபோல, அது காற்றின் நிழல். ஒவ்வொரு சுற்றிலும் இறக்கை அந்த நிழலுக்குள் புகுந்து வெளியே வரும்போது ஒரு 'தும்'. காதால் அரைகுறையாகக் கேட்கிற அளவுக்குத் தாழ்ந்த அதிர்வு. ஆனால் வீட்டுச் சுவரையும் சன்னலையும் அசைக்கும். மலையின் அமைப்பும் காற்றின் வெப்பநிலையும் சேர்ந்து, சில நேரங்களில் அந்தச் சத்தத்தைச் சில வீடுகளின் பக்கமாகக் குவித்துவிட்டன. அதனால்தான் எல்லா வீட்டிலும் இல்லை, எல்லா நாளும் இல்லை.

சுழலும் வேகத்தைக் குறைத்துப் பார்த்தார்கள். சில ஆண்டுகளிலேயே அந்தக் காற்றாலையைப் பிரித்தெடுத்துவிட்டார்கள். ஆனால் அந்தக் குடும்பங்களின் முறையீட்டால் உலகத்துக்கு ஒரு பாடம் கிடைத்தது. இன்று நீங்கள் பார்க்கும் பெரிய காற்றாலைகளில் இறக்கை கோபுரத்துக்கு முன்னால், காற்று வரும் திசையைப் பார்த்து நிற்கிறது. அப்படி மாறியதற்கு இந்தச் சத்தமும் ஒரு முக்கியக் காரணம்.

கட்டிவிட்டுக் கேட்பது இப்படி முடிந்தது. கட்டும் முன்பே கேட்பதற்கு என்ன வழி?

தொழில் பழகிய ஒருவர் எழுதிய சமன்பாடு

இதற்கு அடித்தளம் போட்டவர் ஜேம்ஸ் லைட்ஹில் என்ற ஆங்கிலேயக் கணித அறிஞர். ஜெட் விமானங்கள் வந்து ஊரையே அலறவைத்த காலம் அது. 1952-இல், கொந்தளிக்கும் காற்று தானாகவே எப்படிச் சத்தத்தைப் பிறப்பிக்கிறது என்று கணிதத்தில் எழுதிக்காட்டினார். ஜெட்டின் வேகம் இரண்டு மடங்கானால் சத்தத்தின் ஆற்றல் இரண்டு மடங்காகாது. இரண்டை எட்டு முறை பெருக்கிப் பாருங்கள். 256 மடங்கு!

அதற்குப் பிறகு, சுழலும் இறக்கைபோல நகரும் பொருள்களுக்கும் இந்தக் கணக்கை விரித்தவர்கள் இருவர். ஒருவர் ஃபௌக்ஸ் வில்லியம்ஸ், மற்றவர் ஹாக்கிங்ஸ். ஆண்டு 1969. இன்றும் காற்றாலை, ஹெலிகாப்டர், மின்விசிறி எதுவானாலும் சத்தத்தைக் கணக்கிடுகிறவர்கள் இவர்கள் இருவர் பெயரால் அழைக்கப்படும் சமன்பாட்டைத்தான் எடுக்கிறார்கள்.

பெற்றோர்களே, இந்த ஃபௌக்ஸ் வில்லியம்ஸைப் பற்றி ஒரு செய்தி சொல்லவேண்டும். அவர் வேல்ஸ் நாட்டில் 1935-இல் பிறந்தவர். நேராகப் பெரிய பல்கலைக்கழகத்துக்குப் போனவர் அல்ல. ரோல்ஸ்-ராய்ஸ் தொழிற்சாலையில் தொழில் பழகுகிற பையனாகச் சேர்ந்தவர். அங்கிருந்து படித்து மேலே வந்து, கேம்பிரிட்ஜில் பேராசிரியராகி, அங்கே ஒரு கல்லூரிக்குத் தலைவராகவும் இருந்தார். கையில் எண்ணெய்க் கறை பட்டவரும் உலகம் பயன்படுத்தும் சமன்பாட்டை எழுதலாம் என்பதற்கு வேறு சாட்சி தேடவேண்டாம்.

விளிம்பில் பிறக்கும் இரைச்சல்

இப்போது இறக்கைக்கு வருவோம். இறக்கையின் மேல் காற்று வழுக்கிக்கொண்டு போகிறது. தோலை ஒட்டினாற்போல ஒரு மெல்லிய படலம் மட்டும் அமைதியாகப் போகாது. அதற்குள் ஆயிரக்கணக்கான சின்னச் சுழல்கள் உருண்டு புரளும். இறக்கையின் மேல் உருளும் வரையில் அவை பெரிதாகச் சத்தம் போடுவதில்லை. இறக்கை முடிகிற இடம் ஒன்று இருக்கிறதே, கத்தி முனைபோல, அந்தப் பின்விளிம்பு, அங்கே வந்ததும் காலுக்குக் கீழே தரை திடீரென்று மறைந்ததுபோல் ஆகிவிடுகிறது. அங்கேதான் 'ஷ்ஷ்' என்று சத்தம் சிதறுகிறது.

இந்தச் சத்தம் வேகத்தின் ஐந்தாம் அடுக்குக்கு ஏற்பக் கூடும் என்று 1970-இல் கணக்கிட்டுச் சொன்னார்கள். வேகம் இரட்டிப்பானால் இரண்டை ஐந்து முறை பெருக்கவேண்டும், 32 மடங்கு. இதையே திருப்பிப் போட்டுப் பாருங்கள். வேகத்தைப் பத்தில் ஒரு பங்கு குறைத்தால்? 0.9-ஐ ஐந்து முறை பெருக்குங்கள். 0.59. கொஞ்சம் மெதுவாகச் சுற்றினாலே சத்தத்தின் ஆற்றல் நூற்றுக்கு ஐம்பத்தொன்பதாகக் குறைந்துவிடுகிறது. இரவில் மட்டும் காற்றாலையை மெதுவாகச் சுழலவிடும் வழக்கம் இந்தக் கணக்கிலிருந்து பிறந்ததுதான்.

இறக்கையின் நுனி எவ்வளவு வேகத்தில் போகிறது தெரியுமா? தூரத்திலிருந்து பார்த்தால் சோம்பேறித்தனமாகச் சுற்றுவதுபோல இருக்கும். 120 மீட்டர் விட்டமுள்ள காற்றாலை நிமிடத்துக்கு 12 சுற்றுச் சுற்றுகிறது என்று வையுங்கள். நுனி ஒரு சுற்றில் 377 மீட்டர் போகவேண்டும். பெருக்கிப் பார்த்தால் மணிக்கு 270 கிலோமீட்டருக்கு மேல் வருகிறது. நெடுஞ்சாலையில் போகும் சாதாரணக் கார் தொடமுடியாத வேகம்!

1989-இல் அமெரிக்காவின் நாசா நிறுவனத்தின் ஆய்வில் ஈடுபட்ட புரூக்ஸ், போப், மார்கோலினி என்ற மூவர், சிறியதும் பெரியதுமான இறக்கைத் துண்டுகளைக் காற்றுச் சுரங்கத்தில் வைத்து, சத்தத்தை அளந்து, ஒரு கணிப்பு முறையை வெளியிட்டார்கள். இறக்கை எந்தெந்த வழியில் தானாகச் சத்தம் போடும் என்று ஐந்து வழிகளாகப் பிரித்து, ஒவ்வொன்றுக்கும் ஒரு சூத்திரம் தந்தார்கள். அந்தச் சூத்திரங்களைச் சாதாரணக் கணினியில் நொடியில் போட்டுவிடலாம். இன்றும் காற்றாலை வடிவமைப்பவர்கள் முதல் கணக்குக்கு இதைத்தான் எடுக்கிறார்கள்.

கணினிக்குள் ஓர் ஒத்திகை

அப்படியானால் பெரிய கணினி எதற்கு? காரணம் இருக்கிறது. அந்தச் சூத்திரங்கள் ஏற்கெனவே அளந்த இறக்கைகளை வைத்து எழுதியவை. புதுமாதிரி வடிவத்தில் ஓர் இறக்கையை வரைந்தால், அது எப்படி நடந்துகொள்ளும் என்று அவற்றால் உறுதியாகச் சொல்லமுடியாது. ஆகவே இறக்கையைக் கணினிக்குள் வைத்து, காற்றையும் கணினிக்குள் வீசவிட்டு ஒத்திகை பார்க்கிறார்கள். இன்று மேடையேறும் பிள்ளைகள் எத்தனை நாள் ஒத்திகை பார்த்தீர்கள்? அதேபோலத்தான்.

முறை இதுதான். இறக்கையைச் சுற்றியுள்ள காற்றைச் சின்னச்சின்னக் கட்டங்களாக வெட்டுகிறார்கள். ஒவ்வொரு கட்டத்துக்குள்ளும் எவ்வளவு காற்று வந்தது, எவ்வளவு போனது, எந்த வேகம், என்ன அழுத்தம் என்று கணினி கணக்கு எழுதுகிறது. கிராணி செக்ரோல் எழுதுவதுபோல, வரவும் போக்கும் சரியாக இருக்கவேண்டும். ஒரு விநாடியை ஆயிரக்கணக்கான துண்டுகளாகப் பிரித்து, ஒவ்வொரு துண்டுக்கும் இந்தக் கணக்கைத் திரும்பத் திரும்ப எழுதவேண்டும்.

ஒரு மீட்டர் நீளம், ஒரு மீட்டர் அகலம், ஒரு மீட்டர் உயரம் உள்ள ஒரு பெட்டி. அதை ஒரு மில்லிமீட்டர் கட்டங்களாக வெட்டினால் எத்தனை கட்டம்? ஆயிரத்தை ஆயிரத்தால் பெருக்கி மறுபடியும் ஆயிரத்தால் பெருக்குங்கள். நூறு கோடி. ஒரே ஒரு பெட்டிக்கு! காற்றாலை எவ்வளவு பெரிசு, வீடு எவ்வளவு தூரத்தில் இருக்கிறது? எல்லாவற்றையும் இப்படி வெட்ட உலகத்திலுள்ள கணினி போதாது.

இன்னொரு சங்கடம். சத்தம் என்பது நூலிலும் மெல்லிய நூல். அமைதியான நூல்நிலையத்தில் கேட்கும் 40 டெசிபல் சத்தத்தை எடுத்துக்கொள்ளுங்கள். அதன் அழுத்த ஏற்ற இறக்கம் நம்மைச் சுற்றியுள்ள காற்றழுத்தத்தில் ஐந்து கோடியில் ஒரு பங்கு. இரண்டாயிரம் கிலோவாட் மின்சாரம் தரும் ஒரு பெரிய காற்றாலை சத்தமாக வெளியே விடும் ஆற்றல் ஏறக்குறைய ஒரு வாட்டில் முப்பதில் ஒரு பங்குதான். இவ்வளவு சிறியதைக் கணக்கில் பிடிக்கவேண்டும். கணக்கில் ஒரு சின்னப் பிசகு வந்தால், அந்தப் பிசகே சத்தத்தைவிடப் பெரிதாக இருக்கும்.

இதற்கு அறிஞர்கள் கண்ட உபாயம், வேலையை இரண்டாகப் பிரிப்பது. இறக்கையை ஒட்டிய காற்றை மட்டும் கட்டங்களாக வெட்டி நுணுக்கமாகக் கணக்கிடுவது ஒரு பாதி. அங்கே பிறந்த சத்தத்தை வீட்டுவாசல் வரை கொண்டுபோக, நான் சொன்ன 1969-ஆம் ஆண்டுச் சமன்பாட்டைப் பயன்படுத்துவது மறு பாதி. 2005-இல் ஜப்பானில், டோக்கியோ பல்கலைக்கழக ஆய்வாளர்கள், 'எர்த் சிமுலேட்டர்' என்ற மாபெரும் கணினியில் கோடிக்கணக்கான கட்டங்களை வைத்து ஒரு காற்றாலை இறக்கையின் நுனியை இப்படி ஆராய்ந்தார்கள். நுனியின் வடிவத்தை மாற்றினால் சத்தம் எப்படி மாறும் என்று பார்த்தார்கள். ஒரு புது இறக்கையை வார்த்தெடுக்காமலே பார்த்தார்கள்.

சத்தம் போகும் பாதையையும் கணக்கில் சேர்க்கவேண்டும். தூரத்துக் கோவில் ஒலிபெருக்கி பகலில் கேட்காது, இரவில் தெளிவாகக் கேட்கும், கவனித்திருக்கிறீர்களா? பகலின் ஆரவாரம் அடங்கிவிடுவது மட்டும் காரணமல்ல. இரவில் தரைக்கு அருகே காற்று குளிர்ந்துவிடும். மேலே சற்றுச் சூடாக இருக்கும். அப்போது மேலே போகிற சத்தம் வளைந்து மீண்டும் கீழே வருகிறது. தூங்குகிற நேரத்தில்தான் அது வீட்டைத் தேடி வருகிறது!

கணினி சொன்னால் சரியா?

"கணினி பொய் சொல்லாது" என்று சிலர் சொல்வார்கள். நான் அப்படிச் சொல்லமாட்டேன். கொடுத்ததைத்தான் அது கணக்கிடும். கோபுரத்தின் காற்று நிழலைக் கணக்கில் சேர்க்காமல் விட்டால், எவ்வளவு பெரிய கணினியானாலும் பூன் நகரத்து 'தும்' சத்தத்தைச் சொல்லவே சொல்லாது. ஆகவே கணித்ததை அளந்து பார்க்கவேண்டும். கணக்கு எழுதியவனே திருத்தினால் அது பரீட்சை ஆகுமா?

அந்தப் பரீட்சையை நெதர்லாந்து ஆய்வாளர்கள் நடத்தினார்கள். ஊர்லமன்ஸ் என்ற ஆய்வாளரும் அவருடைய குழுவினரும், 58 மீட்டர் விட்டமுள்ள ஒரு காற்றாலைக்கு முன்னால் தரையில் ஒரு பெரிய தளம் போட்டு, அதன்மேல் நூற்றுக்கும் மேற்பட்ட ஒலிவாங்கிகளைப் பரப்பினார்கள். ஒவ்வொன்றிலும் சத்தம் எத்தனை நொடித்துளி முன்பின்னாக விழுகிறது என்று பார்த்து, சத்தம் எங்கே பிறக்கிறது என்று படமாகவே வரைந்துவிட்டார்கள். 2007-இல் முடிவு வெளிவந்தது. தரைக்கு வரும் சத்தத்தில் ஏறக்குறைய முழுவதும் இறக்கையின் வெளிப்பகுதியில், அது கீழ்நோக்கி இறங்கும்போது பிறக்கிறது என்று தெரிந்தது. அதனால்தான் கீழே நிற்கிறவர் காதில் அது ஒரே சீராக விழாமல் 'ஸ்விஷ், ஸ்விஷ்' என்று விழுகிறது. மூன்று இறக்கை, நிமிடத்துக்கு 12 சுற்று என்றால் நிமிடத்துக்கு 36 முறை. சீரான இரைச்சலைப் பழகிக்கொள்ளலாம். எண்ணி எண்ணி வரும் சத்தம்தான் தூக்கத்தைக் கெடுக்கும்.

கணக்கு என்ன ஆயிற்று? பின்விளிம்புச் சத்தத்தை வைத்துக் கணித்ததையும் அளந்ததையும் ஒப்பிட்டு 2009-இல் வெளியிட்டார்கள். வித்தியாசம் ஒன்றிரண்டு டெசிபல்தான். பரீட்சையில் தேர்ச்சி!

இதோடு நிற்கவில்லை. ஆந்தை ஏன் சத்தமில்லாமல் பறக்கிறது என்று 1934-லேயே கிரஹாம் என்ற ஆங்கிலேயர் எழுதியிருந்தார். ஆந்தையின் சிறகின் பின்விளிம்பு நேராக வெட்டியதுபோல் இருக்காது. குஞ்சம் வைத்ததுபோல் இருக்கும். அதே எண்ணத்தில், இறக்கையின் பின்விளிம்பில் ரம்பப் பல்போலத் தகடு ஒட்டி அளந்தார்கள். சராசரியாக 3.2 டெசிபல் குறைந்தது. மூன்று டெசிபல் குறைந்தால் சத்தத்தின் ஆற்றல் பாதியாகிவிட்டது என்று பொருள். இன்று பல காற்றாலைகளில் இந்தப் பல் விளிம்பைப் பார்க்கலாம். தோட்டத்தில் எலி பிடிக்கிற ஆந்தையை அபசகுனம் என்று இனியும் விரட்டாதீர்கள். அது நமக்கு வாத்தியார்.

தெரியாது என்று சொல்லமுடியாது

இவ்வளவும் சொன்னது எதற்காக? ஒரே ஒரு விஷயத்துக்காக. சத்தத்தை முன்கூட்டியே கணக்கிட முடியாத காலத்தில், இயந்திரம் வைத்தவர், "எங்களுக்குத் தெரியாமல் போய்விட்டது" என்று சொல்லலாம். கணக்கிட முடிகிற காலத்தில் அந்தப் பேச்சு எடுபடாது. தெரிந்துகொள்ள வழி வந்துவிட்டால், தெரிந்துகொள்ளும் கடமையும் கூடவே வந்துவிடுகிறது.

டென்மார்க் நாட்டில் 1991-லேயே காற்றாலைச் சத்தத்துக்குத் தனி விதி போட்டார்கள். 2011-இல் அதைப் புதுப்பித்து எழுதினார்கள். காற்று விநாடிக்கு 8 மீட்டர் வீசும்போது, வயல்வெளியில் தனியாக இருக்கும் வீட்டுக்கு 44 டெசிபல், மக்கள் கூடி வாழும் இடத்துக்கு 39 டெசிபல், அதற்கு மேல் போகக்கூடாது. வீட்டுக்குள் வரும் தாழ்ந்த அதிர்வுக்கும் தனி எல்லை வைத்தார்கள். காற்றாலையை நிறுத்த விரும்புகிறவர், இந்த எல்லைக்குள் அடங்கும் என்று முன்னாலேயே கணக்குக் காட்டவேண்டும். தூங்குகிற ஒரு குடும்பத்தின் பக்கத்தில் நின்று கணக்குப் பேசுகிறது, பார்த்தீர்களா?

ஆனால் கணக்குத் தானாகப் பேசாது. அதைப் படிக்கத் தெரிந்த ஒருவர் வேண்டும். பக்கத்தில் ஓர் ஆலை வருகிறது என்று அறிக்கை வந்தால், அதில் டெசிபல் என்று எழுதியிருந்தால், "இது பகல் கணக்கா, இரவுக் கணக்கா? எந்த வீட்டு வாசலில்? அளந்ததா, கணித்ததா?" என்று கேட்கத் தெரிந்த ஒரு பிள்ளை ஒவ்வொரு லயத்திலும் இருக்கவேண்டும். அதற்குப் பல்கலைக்கழகம் வரை போகவேண்டும் என்பதில்லை. நான் இன்று போட்ட கணக்கெல்லாம் பெருக்கலும் வகுத்தலும்தான். அவற்றை நம் தமிழ்ப்பள்ளியிலேயே, நம் மொழியிலேயே படிக்கிறீர்கள்.

பெற்றோர்களே, உங்களுக்கும் ஒரு வார்த்தை. பூன் நகரத்தில் முதலில் கண்டுபிடித்தது கருவி அல்ல. அங்கே குடியிருந்தவர்களின் காது. "நமக்கென்ன தெரியும், படித்தவர்கள் பார்த்துக்கொள்வார்கள்" என்று அவர்கள் சும்மா இருந்திருந்தால் அந்தப் பாடம் உலகத்துக்குக் கிடைக்கத் தாமதமாகியிருக்கும். உங்கள் வீட்டில் கேட்பதை நீங்கள்தான் சொல்லவேண்டும். எந்த நாள், எத்தனை மணி, எந்த அறை, மழையா வெயிலா என்று ஒரு நோட்டுப் புத்தகத்தில் குறித்து வையுங்கள். எழுத முடியாதவர்கள் பிள்ளைகளிடம் சொல்லி எழுதச் சொல்லுங்கள். அந்த நோட்டுப் புத்தகம் எந்தக் கணினிக்கும் குறைந்ததல்ல.

மாணவச் செல்வங்களே, நம் மொழியில் 'கேள்' என்ற ஒரே சொல்லுக்கு இரண்டு பொருள். காதால் கேட்பதும் கேட்பதுதான். வாயால் வினவுவதும் கேட்பதுதான். வள்ளுவப் பெருந்தகையும் 'கேள்வி' என்று ஓர் அதிகாரமே வைத்திருக்கிறார். இன்று பரிசாகப் புத்தகம் வாங்கப்போகிறவர்கள் அதை அலமாரியில் அடுக்கிவைக்காதீர்கள். வாசியுங்கள், புரியாததைக் கேளுங்கள். பரிசு வாங்காதவர்கள் கவலைப்படவேண்டாம். கேட்பதற்குப் பரிசு வாங்கியிருக்கவேண்டும் என்று விதி இல்லை.

என் பேச்சின் சத்தம் எத்தனை டெசிபல் என்று தெரியாது. ஆனால் எத்தனை நிமிடம் என்று தலைமையாசிரியர் கடிகாரத்தைப் பார்ப்பதிலிருந்து தெரிகிறது!